நேர்த்தெருவின் வளைவு

பிளேடைக் கையில் எடுத்து அரை மணி நேரமாகியும் தொம்மை அதை இன்னும் படத்தின் மேல் வைக்கவில்லை. சுரண்ட வேண்டியது ஒன்றரை அங்குலக் கோடுதான். டிரேசிங் துணியில் காய்ந்த இந்தியன் இங்க்கை, பிளேடைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூசி தட்டுவதுபோல் சுரண்டினால் போய்விடும். சர்வே ஆபீசில் இருபத்தாறு வருஷம் செய்த வேலை. எத்தனையோ வாய்க்கால்களை அழித்திருக்கிறார், வரப்புகளை மயிரிழை நகர்த்தியிருக்கிறார், கை ஒருநாளும் நடுங்கியதில்லை. இப்போதும் நடுங்கவில்லை. இறங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கடல் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மேஜை முழுக்கப் பறங்கி ஊர் விரிந்து கிடந்தது. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் போர்த்துகீசியர் இந்தச் சிப்பித்துறையில் கட்டி, பிறகு விட்டுவிட்டுப் போன ஊர். தெற்கே கோட்டை, அதன் மூன்று கொத்தளங்கள், முத்து வைத்த பண்டகசாலை, மாதா கோயில், கிணறு, கோட்டை வாசலிலிருந்து கோயில் படிவரை ஓடும் பெரிய தெரு. இன்றைக்கு நிற்பது கோயில் படியும் கிணறும் மட்டும். மற்றதெல்லாம் மணலுக்குள். மணலுக்குள் இருந்ததை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தேடி எடுத்துத் துணிமேல் வைத்தவர் அவர். அவரும் அவர் மனைவி பிரகாசியும். அவள் இறந்தபின் ஆறாவது கல்லறைத் திருநாள் வரப்போகிறது. அந்த ஊரில் அவரால் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியும். கோட்டை வாசலில் தொடங்கி நடந்தால் தெரு நேராகப் போகிறது, போகிறது, பிறகு நடுவழியில், ஒரு காரணமும் இல்லாமல், கடல்பக்கம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி தன் வழிக்கு வந்து சேர்கிறது. அந்த வளைவைத்தான் சுரண்ட வேண்டும். மணி பத்தே முக்கால். மத்தியான ஜெபத்துக்குக் கோயிலில் திருந்தாதி மணி அடிப்பதற்குள் படம் பங்கு மண்டபத்தில் இருக்க வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்து பங்குச்சாமி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "தொம்மை ஐயா, ஒங்க கைக்கு முன்னால கஸ்பார் படம் நிக்காது, அது எனக்கே தெரியுது. ஆனா அந்த வளைவு? போன ஐப்பசிப் புயல்ல கடல் மணலை வாரிட்டுப் போனப்ப தெருக்கல்லு வெளிய வந்துச்சே, ஊரே பாத்துச்சே. கயிறு புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. திருநாளுக்கு மண்டபத்துல மாட்டச் செஞ்சு வச்சிருக்கது ஒரே ஒரு சட்டம். வளைவை நேராக்கி வியாழக்கிழமை மத்தியான மணிக்குள்ள கொண்டாங்க, ஒங்க படம் ஏறும். இல்லன்னா அவரோடது." சாமியார் இதமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற கஸ்பார்தான், குடையை ஊன்றிக்கொண்டு, "பறங்கி ஊர்ல பெரிய தெருவுக்குப் பேரே நேர்த்தெருன்னுதான் வைப்பானாம் சாமி. எங்க அண்ணனுக்கு மட்டும் அது வளஞ்சு போவுது" என்றான். பெண்கள் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு வந்தது. எங்க அண்ணன். அந்த வார்த்தையை அவன் சொல்லும் விதமே தொம்மைக்குப் பிடிக்காது. பிரகாசியை மைனி என்று அவன் கூப்பிட்டதும் அப்படித்தான். ஊரில் அவளை மைனி என்று கூப்பிட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள், அந்த இருபது பேர் குரலும் அவருக்கு நினைவில் இல்லை, இவன் குரல் மட்டும் இருக்கிறது. முப்பத்தாறு வருஷம். ஆறு வருஷம் அளந்தது, மீதி வருஷம் வரைந்ததும் அழித்ததும் திரும்ப வரைந்ததும். இவன், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன், புயல் திறந்துகாட்டிய கல்லைப் பார்த்துவிட்டு எட்டே மாதத்தில் சார்ட் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு படம் போடுகிறான். அளவுத்திட்டம்கூட இவரைப் பார்த்து வைத்துக்கொண்டது, ஒரு அங்குலத்துக்கு நாற்பது அடி. கொத்தளங்கள் முறுக்கு மாதிரி இருக்கின்றன. எழுத்து சந்தைக்கடை எழுத்து. ஆனால் தெரு நேராக இருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் தனக்கு வராத ஒரு நேர்கோடு அந்தப் பயலுக்கு எட்டு மாதத்தில் வந்துவிட்டது. கடல் அவனுக்காக மணலை விலக்கிக் காட்டியதா? கடலுமா அவன் பக்கம்?

கோடு எப்படி வளைந்தது என்று அவருக்குத் தெரிந்தால் சுரண்டியிருப்பார். அதுதான் கையைப் பிடிக்கிறது. தப்பு என்று ஆனபின் தப்பு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் ஒரு கோட்டை அழித்ததில்லை அவர். அளந்த புத்தகத்தை எடுத்தார். மூலையெல்லாம் உப்புப் பூத்த நீல அட்டை நோட்டு. ஆபீசின் அளவுச் சங்கிலியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அதனால் காலடிக் கணக்கு. அவருக்கு இடது கால் மூன்று விரற்கடை குட்டை, சின்ன வயதில் வள்ளத்திலிருந்து விழுந்தது, அந்த நடையை வைத்து ஒரு காலடி இன்ன நீளம் என்று சொல்ல முடியாது. பிரகாசியின் காலடி சரியாக இரண்டு அடி ஒரு அங்குலம். நூறடிக் கயிற்றைப் போட்டு அவளைப் பத்து முறை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார், ஒரு முறையும் மாறவில்லை. "நான் என்ன மாடா, இப்புடிப் போன தடத்துலயே போகவிடுதீங்க?" என்று சிரித்தாள். அவள் கையில் ஆளுயர இரும்புக் கம்பி. மூன்று அடிக்கு ஒரு முறை மணலில் குத்தி இறக்குவாள். கல் இருந்தால் கம்பி நிற்கும், உள்ளங்கையில் ஒரு அதிர்வு வரும், "கல்லு" என்பாள். இல்லையென்றால் "மணலு". கல் கிடைத்த இடத்தில் ஒரு குச்சி நடுவாள். அவர் ஒரே இடத்தில் நின்று குச்சிகளைக் குறிபார்த்து எழுதிக்கொள்வார். தலை நோட்டில் இருக்கும், காது அவள் குரலில் இருக்கும். இதோ, அவர் கையெழுத்து. கோட்டை வாசலிலிருந்து நூற்றுப் பதினெட்டு, கல். அதற்கு அடுத்து, கடல்பக்கம் எட்டுக் காலடி, கல். அதற்கு அடுத்து அடுத்து எல்லாம் எட்டு தள்ளி, கல், கல், கல். நூற்று நாற்பத்தேழில் தெரு தன் வழிக்குத் திரும்புகிறது. புயல் காட்டிய தெருவில் அந்த எட்டுக் காலடி தள்ளிய இடத்தில் ஒரு கல்லும் இல்லை. வெறும் மணல். கல் என்று சொன்னாள். கம்பி நிற்காத இடத்தில் நின்றது என்று சொன்னாள். நூற்றுப் பதினெட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் குரல் வரவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கம்பியைக் குத்தாமல், இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சப்பரத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏந்திப்போகிறவள் மாதிரி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தாள். கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து மறுபடி குனிந்துகொண்டார். பிறகு குரல் வந்தது. "கல்லு இங்கன திரும்புது." எழுதிக்கொண்டார். அவள் சொன்னால் எழுதிக்கொள்வார். வேறு எவன் சொல்லியிருந்தாலும் போய் ஒரு தரம் குத்திப் பார்த்திருப்பார்.

அப்படியானால் பொய் சொன்னாளா? எதற்கு? அவரிடம் அவள் சொன்ன பொய் என்று இன்னொன்று இருந்தால் அதுவும் அந்த மணலில்தான் இருக்கும். மனசு இந்த இடத்துக்கு வரும் என்று அவருக்குத் தெரியும், பிளேடை எடுத்ததிலிருந்து இதைச் சுற்றிச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறது. கல்லறைத் திருநாள். அளக்க ஆரம்பித்த முதல் வருஷம். ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சுண்ணாம்பு அடித்த சிலுவைகளுக்கு முன்னால் நிற்கிறது. அவர் தன் அப்பாவின் கல்லறையிலிருந்து திரும்பிப் பார்க்கிறார், பிரகாசி இல்லை. மதிலுக்கு வெளியே, மணல்வெளியில், முள்ளடர்ந்த ஒற்றை உடைமரத்துக்குப் பக்கத்தில் அவள் முக்காடு தெரிகிறது. அவளுக்கு எதிரே கஸ்பார். கோயில்பிள்ளையின் மகன், கோயிலுக்கு மணி அடிக்கிறவரின் மகன், இருபத்தேழு வயது, நல்ல உயரம், இரண்டு காலும் ஒரே அளவு. இருவரும் தலை குனிந்து மிக அருகில் நிற்கிறார்கள். அவன் கை இரண்டும் அவள் கை இரண்டையும் பொத்தியிருக்கிறது. தூரம் இருநூறு அடி. தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறவர் இல்லை அவர். வீட்டுக்கு வந்தவளின் கண் சிவந்திருந்தது. "எங்க போன?" என்று கேட்டார். "மணல்ல கொஞ்சம் நின்னேன்" என்றாள். அவ்வளவுதான். மேலே ஒன்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காமல் முப்பத்தாறு வருஷம் வைத்திருந்தார். மீன் வாங்கிவந்தாள், குழம்பு வைத்தாள், அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள், கடைசி மாதங்களில் அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார், அந்தக் கைகள் மட்டும் நடுவில் இருந்துகொண்டே இருந்தன. அடக்கத்தன்றுகூட, பெட்டியின் தலைமாட்டைக் கஸ்பார் பிடித்தபோது, இவனுக்கு என்ன வேலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. தோன்றியது என்பது என்னவோ நிஜம். இப்போது அவன் படத்தில், நேர்த்தெருவின் நடுவில், ஒரு சிறிய வட்டம் இருக்கிறது. பேர் எழுதாத வட்டம். மண்டபத்தில் அதைப் பார்த்த எல்லாரும் கிணறு என்றார்கள். தெரு நடுவில் எவன் கிணறு வெட்டுவான்? தொம்மை மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உடைமரம் நின்ற இடம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. கடல் கொண்டுபோன மரம். தங்கள் இடத்தை ஊர் நடுவில் குறித்துவைத்திருக்கிறானோ? பிளேடை அந்த வட்டத்தில் வைத்தால் இந்தக் கை இறங்கும். தயங்காமல் இறங்கும்.

"அண்ணே! இருக்கீங்களா?" வாசலில் செருப்பை உதறும் சத்தம். நினைத்தால் வந்து நிற்கிறான். கஸ்பார் கக்கத்தில் சுருட்டிய காகிதத்தோடு உள்ளே வந்து, கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அறுபத்துமூன்று வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறான். "என்ன, வளைவு போயாச்சா?" என்று எட்டிப் பார்த்தான். "இன்னும் கெடக்கே!"

"நீ எதுக்கு வந்த?"

"ஒரு ஒதவி. சிரிக்கப்புடாது." காகிதத்தை விரித்தான். "வடக்கு போட மறந்துட்டேன்."

"என்னது?"

"வடக்கு அம்பு. எல்லாத்தையும் போட்டேன், எது வடக்குன்னு போடல. காலையில சாமியார் பாத்துட்டு, எந்தப் பக்கம்யா கடலுன்னு கேக்காரு. ஒங்க படந்தான் ஏறப்போவுது, இருந்தாலும் வடக்கு இல்லாத படத்த எப்புடிக் கொண்டுபோய்க் குடுக்கது? ஒங்க கையால ஒரு அம்பு போட்டுக் குடுங்க."

துணிச்சலைப் பார். ஆனால் வடக்கு இல்லாத படம் ஒன்று மேஜைமேல் கிடக்கும்போது தொம்மையின் கை சும்மா இருக்காது. வடக்கை ஊகத்தில் போட முடியாது, சரியாக இருக்கிற படத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் போட வேண்டும். தன் துணியை எடுத்துக் கஸ்பாரின் காகிதத்துக்கு மேலே போட்டார். ஒரே அளவுத்திட்டம். துணி வழியே அடியில் இருப்பது பால் கலந்த தண்ணீருக்குள் தெரிவதுபோல் தெரிந்தது. கோயில் படிமேல் கோயில் படி. கிணற்றின்மேல் கிணறு. கோட்டை வாசலை இழுத்துப் பொருத்தினார். அவன் கோட்டை நாலு மயிரிழை மேற்கே போயிருந்தது, அதில் கொஞ்சம் திருப்தி. அவன் தெருவும் இவர் தெருவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டையிலிருந்து கிளம்பி, ஒரே கோடாகி, நூற்றுப் பதினெட்டில் பிரிந்தன. அவனுடையது நேராகப் போனது. இவருடையது ஒதுங்கியது. அந்த ஒதுங்கலின் குழிவுக்குள், அதைத் தொடாமல், அந்தப் பேரில்லாத வட்டம் இருந்தது. தூங்குகிற பிள்ளையைச் சுற்றிப் போட்ட கைபோல வளைவு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவே எந்தப் பக்கமும் ஒரே இடைவெளி. தற்செயலாக இப்படி வராது. இருபத்தாறு வருஷ வேலையில் இப்படித் தற்செயலாக வந்து அவர் பார்த்ததில்லை.

"இந்த வட்டம் என்னது?" விரலைத் துணிமேல் வைத்துக் கேட்டார் தொம்மை.

கஸ்பார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்."

"தெரிஞ்சா ஏன்லே கேக்கேன்?"

"இல்ல, படத்துல தெருவ அங்கன வளச்சிருந்தீங்க. எல்லார் முன்னாலயும் ஒங்கள நையாண்டி பண்ணாலும், அண்ணன் அந்த எடம் தெரிஞ்சுதான் வளச்சிருக்காருன்னு நெனச்சேன். அதனாலதான் நானும் பேர் போடல." அவன் தரையைப் பார்த்தான். "ஞானஸ்நானம் குடுக்குமுன்ன போன பிள்ளைகள அந்தக் காலத்துல கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்க மாட்டாங்கல்லா. எங்க அப்பாதான் மதிலுக்கு வெளிய கொண்டுபோய் வைப்பாரு. அந்த உடைமரத்தடி. நம்ம ஊர்ப் பிள்ளைக பதினொண்ணு. கடேசிப் பிள்ளைய நான்தான் கொண்டுபோனேன். அப்பாவுக்குக் காச்சலு."

கடைசிப் பிள்ளை. பிரகாசி பெற்ற பிள்ளை. தொம்மை அப்போது ராமநாதபுரம் பக்கம் சர்வே முகாமில் இருந்தார். தந்தி வந்து, பஸ் கிடைத்து, வீட்டுக்கு வர நாலாவது நாள் ஆகிவிட்டது. கோயில் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று மாமியார் சொன்னாள். பிரகாசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்டால் அழுவாள் என்று கேட்கவில்லை. பிறகு, இத்தனை நாள் கேட்காததை இப்போது எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை. பிறகு வருஷங்கள் அதன்மேல் மணல் போட்டுவிட்டன. பிறகு அவர்தான், வேறு யாருமல்ல, அவள் கையில் ஆளுயர இரும்புக் கம்பியைக் கொடுத்து, அந்த மணலில் மூன்று அடிக்கு ஒரு குத்து குத்தச் சொன்னார். தலையை நோட்டில் வைத்துக்கொண்டு. கல்லா மணலா, சத்தமாகச் சொல் என்று.

"மைனி வந்து கேட்டாங்க," கஸ்பார் சொல்லிக்கொண்டிருந்தான். "எந்த எடம்னு காட்டுன்னு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி. நான் ஒரு வருஷந்தான் கூட நின்னேன். கடல்காத்துல திரி நிக்க மாட்டேங்குது, ஆறு தீக்குச்சி கிழிச்சாச்சு, அப்புறம் நான் ரெண்டு கையையும் வச்சு மறச்சேன். அதுக்கப்புறம் அவங்களே ஒரு தேங்காச் சிரட்டைக்குள்ள வச்சுப் பொருத்தக் கத்துக்கிட்டாங்க. அண்ணனுக்குத் தெரியுமா மைனின்னு கேட்டேன். அவுக அளக்குறாக, அளந்து முடிக்கட்டும்னாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். "இப்ப மரமும் இல்ல, மணலும் இல்ல. அந்த எடத்துல தண்ணி நிக்குது. அதான் ஒரு வட்டமாவது இருக்கட்டும்னு."

இருநூறு அடி. தூரம் சரியாகத்தான் இருந்தது. தொம்மை தன் துணியைக் காகிதத்தின் மேலிருந்து எடுக்கவில்லை. பொறாமை போய்விடும் என்று எதிர்பார்த்தார், போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது, முன்னைவிடக் கனமாக. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவனின் கைகளையே பார்த்தார். முட்டியில் கிடந்தன, கரும்புள்ளி விழுந்து, நகம் வளர்ந்து, சாதாரணக் கிழட்டுக் கைகள். அவை தூக்கியிருக்கின்றன. இந்த ஊரில், இந்த உலகத்தில், அந்தப் பிள்ளையின் கனம் தெரிந்த கைகள் இவை இரண்டும்தான். பிரகாசியிடம்கூடக் கொடுக்கவில்லையாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று உடனே துணியைச் சுற்றிவிட்டார்களாம், அதை மட்டும் எப்போதோ மாமியார் சொன்னாள்.

"அண்ணே, ரெண்டு படத்தையும் இப்புடியே ஒண்ணு மேல ஒண்ணா சட்டத்துல போட்டா என்ன?" கஸ்பார் மெதுவாகக் கேட்டான். "பாக்கவே நல்லாருக்கு. வெவரம் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வேண்டாம்." சட்டென்று வந்துவிட்டது. ஊர் முழுக்க அதைப் பார்க்க வேண்டுமா, அவள் வளைவு அவன் வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதை? தொம்மை துணியை எடுத்து, அளவு பார்த்து, காகிதத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ரூலிங் பேனாவில் இங்க் நிரப்பி, அவர் போட்டதிலேயே நல்ல வடக்கு அம்பு ஒன்றைப் போட்டார். இறகு, முனை, எல்லாம் வைத்து. ஊதிக் காயவைத்தார். "கொண்டுபோ. ஒன்னோடது ஏறட்டும்."

"அப்ப ஒங்களோடது?"

"இது அளந்தவ சொன்னபடி இருக்கு. நான் ஒண்ணும் திருத்துறதா இல்ல."

கஸ்பார் காகிதத்தைச் சுருட்டினான். எழுந்தான். வாசல்வரை போனவனைத் தொம்மை கூப்பிட்டார். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, "லே" என்றார். அவன் திரும்பினான். முப்பத்தெட்டு வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி வெளியே வரும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"பொண்ணா, பையனா?"

கஸ்பார் அவரையே பார்த்தான். சுருளைக் கதவருகே சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்து மேஜைக்கு எதிரே நின்றான். "பொண்ணு அண்ணே. நெறய முடி. பெட்டி செய்ய நேரமில்ல, ஒங்க வீட்டு வேட்டியில சுத்தி, இப்புடி வச்சுக் கொண்டுபோனேன்." இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை எதிரெதிரே பிடித்துக் காட்டினான். "இம்புட்டுத்தான்."

கைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும். கோயிலில் மத்தியான மணி அடிக்க ஆரம்பித்தது. கஸ்பார் பழக்கத்தில் சிலுவை போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகப் பார்த்தான்.

"கைய ஆட்டாத," என்றார் தொம்மை. பிளேடை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீள அடிக்கோலை எடுத்து, குட்டைக் காலை ஊன்றி எழுந்து, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தார். ஒரு நுனி அவன் இடது உள்ளங்கையைத் தொட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பதினேழு அங்குலம். மணி அடித்து ஓயும்வரை கஸ்பார் கையை அசைக்காமல் நின்றான். தொம்மை நீல அட்டை நோட்டைத் திறந்து, நூற்றுப் பதினெட்டு என்று இருந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.